சபைக் கூட்டமும் மகளின் 800 மீற்றரும்

நான் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபையில் வட்டார உறுப்பினர். மகள் 800 மீற்றர் ஓடுகிறாள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தபிறகு, "பிள்ளையின் விளையாட்டையும் வைத்துக்கொண்டு அரசியலுக்கு வரலாமா அக்கா?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். தாராளமாக வாருங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். இடப்பக்கம் சபை, வலப்பக்கம் பள்ளிக்கூடம். பொதுக்கூட்டம் மாதம் ஒருமுறைதான். நேரத்தைத் தின்பது குழுக்கூட்டங்களும் வாசலுக்கு வரும் முறைப்பாடுகளும். இல்ல மெய்வல்லுநர் போட்டி, அப்புறம் கோட்டம், வலயம், மாகாணம் என்று திகதி தெரியத் தெரிய எழுதி, குழுவில் இருப்பவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வரவுசெலவுத் திட்டம் வருடக் கடைசியில் வரும். நம் ஊரில் அது மாரிகாலம். மைதானம் சேறாகிப் பயிற்சியும் குறையும். அந்த மாதங்களை மனமாரச் சபைக்குக் கொடுக்கலாம்.

தொலைபேசி விஷயத்தில் நான் பட்டது போதும். மக்கெய்சர் விளையாட்டரங்கில் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்த நேரம் அழைப்பு: வடிகான் அடைப்பு. பேசிவிட்டுத் திரும்பினால், அவள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். எத்தனையாவது என்று அவளிடமே கேட்டேன். "நீங்க பாக்கல்லையா அம்மா?" என்றாள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது போட்டி நாளில் தொலைபேசி என் தங்கச்சியிடம். முறைப்பாடு கேட்க மாலை 7 முதல் 8 வரை வீட்டில் இருப்பேன் என்று வட்டாரம் முழுக்கத் தெரியும். தெருவிளக்கு என்றால் வீதியின் பெயர், எந்தத் தூண், எத்தனை நாளாக எரியவில்லை என்று வந்தவர் முன்னாலேயே எழுதுவேன். மறுநாள் காலை அது கடிதமாக அலுவலகம் போகும். வாயால் சொன்னது மறந்துபோகும்.

மைதானத்தில் வாக்குக் கேட்காதீர்கள். மற்றப் பெற்றோர் வீதிப் பிரச்சினையோடு வந்தால், "7 மணிக்கு வாங்கோ" என்று சொன்னால் சரி. மகளின் கழகத்துக்குச் சபை நிதி பற்றிப் பேச்சு வந்தால், என் பிள்ளை அங்கே இருக்கிறாள் என்று நானே முதலில் சொல்லி ஒதுங்கிவிடுவேன். அவள் ஓடுகிற நாளில் விருந்தினர் கதிரையும் வேண்டாம். நான் நிற்பது கடைசி வளைவில். அங்கேதான் அவளுக்குக் கால் கனக்கும்.