'ஒண்ணுமே கிடைக்கல' என்று சொல்வதற்கு முன்: வரலாற்று ஆய்வில் தவிர்க்க வேண்டிய தேடல் தவறுகள்

வரலாறு படிக்கும் மாணவர்கள் பலர் ஒரு வாரம் தேடிவிட்டு, "இந்தத் தலைப்புக்கு ஆதாரமே இல்லீங்க, தலைப்பை மாத்திக்கிறேன்" என்று வந்து நிற்கிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் முக்கால்வாசி நேரம் ஆதாரம் இருக்கிறது, தேடிய சொல்தான் தப்பு.

1876–78 பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சென்னை மாகாணப் பெரும் பஞ்சம்' என்று தட்டினால் இந்தக் காலத்துக் கட்டுரைகள்தான் வரிசையாக வரும். அதை அனுபவித்த சனங்கள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள், அந்தக் காலத்துக் கும்மிப் பாட்டுகளை அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். அதிலும் 'வருடம்' என்று போட்டால் 'வருஷம்' வராது, இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரும் இப்படித்தான். தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது, அதற்கு முந்தைய அரசு ஆவணங்களில் அது சேலத்துக்குள் கிடக்கும். வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் போடும்போது உச்சரிப்பைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார்கள். 'பஞ்சம்' என்ற சொல்லை panjam என்று 'ஜே' போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, pancam என்று 'சி' போட வேண்டும். இந்த ஒரு எழுத்தினால் எத்தனை புத்தகங்கள் கண்ணில் படாமலே போகின்றன!

அப்புறம், ஸ்கேன் செய்த புத்தகத்துக்குள் சொல்லைத் தேடி, வரவில்லை என்றதும் மூடிவிடுவது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஆர்க்கைவ் தளத்திலும் இருக்கும் பழைய நூல்கள் பல, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவை. பழைய ணை, லை, றா, னா வடிவங்களைக் கணினி சரியாகப் படிக்காது. பொருளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள், தேவைப்பட்டால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள், வேறு வழி இல்லை.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வெறுங்கையோடு போவது இன்னொன்று. "பஞ்சம் பத்தின ஃபைல் குடுங்க" என்றால் அங்கே யாராலும் எடுத்துத் தர முடியாது. துறை, அரசாணை எண், தேதி மூன்றும் வேண்டும். வருவாய்த் துறையா, வருவாய் வாரிய நடவடிக்கையா என்று முதலில் தெரிந்துகொண்டு, அந்தந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதிகளில் குறித்து எடுக்க வேண்டும். சோத்கங்கா தளத்தில் இருக்கும் பழைய ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் இதற்குப் பெரிய உதவி. ஆனால் அந்த எண்ணை வைத்து மூல ஆவணத்தை நீங்களே பார்க்க வேண்டும். பார்க்காமலே அடிக்குறிப்பை அப்படியே தூக்கி உங்கள் ஆய்வேட்டில் ஒட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது, முதல் ஆள் தேதியைத் தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்பு உங்கள் பெயரிலும் நிற்கும்.

பிரிட்டிஷ் அரசு தயாரித்த சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளையும் கவனமாகக் கையாளுங்கள். தமிழ்ப் பத்திரிகை எழுதியதில் அரசுக்குத் தெரிய வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் நினைத்த பகுதியின் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. 'பத்திரிகை இப்படி எழுதியது' என்று மேற்கோள் குறி போடுவதற்கு முன், மூல இதழ் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தும் கிடைக்கவில்லையா? எந்தெந்தச் சொல்லை எந்த இடத்தில், எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, அதை நெறியாளரிடம் காட்டுங்கள். விடுபட்ட சொல் எது என்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.