தானியங்கித் தடுப்புக் கம்பி: மாணவர்களோடு செய்து பார்க்க ஒரு செய்முறை

வண்டி வந்ததும் எழும்பி, போனதும் இறங்கும் தடுப்புக் கம்பியைப் பார்க்காத மாணவர்கள் குறைவு. அதையே அட்டையிலும் ஒரு சின்ன மோட்டாரிலும் செய்யச் சொன்னால், எல்லாரும் முதலில் திறப்பதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். திறப்பது சுலபம். எப்போது மூடுவது என்பதில்தான் பாடமே இருக்கிறது. ‘திறந்து 5 விநாடி கழித்து மூடு’ என்று எழுதிவிட்டால், வண்டி நடுவில் நின்றுபோகும்போது கம்பி நேராக அதன் தலையில் இறங்கும். அப்படி இறங்காத ஒரு மாதிரியைத்தான் இங்கே செய்யப் போகிறோம்.

தேவையான பொருட்கள்

அர்டுயினோ ஊனோ போர்டு (நாம் எழுதும் நிரலின்படி மோட்டாரையும் சென்சாரையும் இயக்கும் சின்னப் பலகை) ஒன்று, எஸ்ஜி90 சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பது) ஒன்று, எச்.சி.-எஸ்.ஆர்.04 (HC-SR04) அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலியை அனுப்பித் தூரத்தை அளப்பது) இரண்டு, பிரெட்போர்டு (வயர்களைச் செருகி இணைக்கும் பலகை), ஜம்பர் வயர்கள், 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் பேட்டரி நான்கு, அவற்றுக்கான ஹோல்டர், தடித்த அட்டை, ஒரு ஸ்ட்ரா, பொம்மைக் கார். பொருட்கள் கையில் வரும்வரை டிங்கர்காட் சர்க்யூட்ஸ் என்ற இணையதளத்தில் இணைப்பையும் நிரலையும் திரையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் பாதையும் கம்பியும்

அட்டையில் 12 செ.மீ. அகலத்துக்கு ஒரு பாதை வரையுங்கள். ஒரு பக்கம் சென்சார்கள், எதிர்ப்பக்கம் அட்டைச் சுவர். முதல் சென்சார் கம்பிக்கு முன்னால், இரண்டாவது சென்சார் கம்பிக்கு நேர் கீழே. இரண்டும் பாதைக்குக் குறுக்கே, சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும். காரின் முகப்பைப் பார்க்கும்படி வைத்தால், சரிவான பானெட்டில் பட்ட ஒலி வேறு திசையில் சிதறிவிடும். காரின் பக்கவாட்டில் பட்டால் ஒழுங்காகத் திரும்பும்.

இரண்டு சென்சாருக்கும் நடுவே உள்ள இடைவெளி காரின் நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 10 செ.மீ. காருக்கு 6 செ.மீ. போதும். அதிகமானால் கார் இரண்டுக்கும் நடுவே நின்று, எதன் கண்ணிலும் படாமல் போய்விடும்.

சர்வோவில் கம்பியை உடனே ஒட்டிவிடாதீர்கள். முதலில் மோட்டாருக்கு ‘0 டிகிரி’ என்ற கட்டளையை மட்டும் அனுப்புங்கள். அது ஓரிடத்தில் போய் நின்றபிறகு, மோட்டாரோடு வரும் வெள்ளை பிளாஸ்டிக் கையைப் படுக்கைவாட்டில் செருகி, திருகை முடுக்குங்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால் கம்பி சாய்ந்தே நிற்கும். மாணவர்கள் நிரலில் தப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். எழும்ப வேண்டிய கம்பி கீழ்நோக்கிப் போனால் பதற வேண்டாம், 0 இருந்த இடத்தில் 90 என்றும், 90 இருந்த இடத்தில் 0 என்றும் மாற்றி, கையைக் கழற்றி மறுபடி பொருத்தினால் சரியாகிவிடும்.

கம்பிக்கு ஸ்ட்ராதான் என் தேர்வு. மர ஸ்கேலையும் இந்த மோட்டார் தூக்கும், ஆனால் நிற்கும் இடத்தில் நடுங்கும். பெரிய வாசல்களில் உள்ள தடுப்புகளில் கம்பியின் எடையைத் தாங்கிக்கொள்ள உள்ளே ஸ்பிரிங் இருக்கும். அதைப் புரியவைக்க, ஸ்ட்ராவை மோட்டாருக்குப் பின்பக்கமும் கொஞ்சம் நீட்டி, அந்த முனையில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிக் காட்டுங்கள்.

வயர் இணைப்பு

சர்வோவின் பழுப்பு வயர் கிரவுண்டுக்கு, சிவப்பு பேட்டரியின் பாசிட்டிவுக்கு, ஆரஞ்சு அர்டுயினோவின் 9ஆம் பின்னுக்கு. முதல் சென்சாரின் ட்ரிக் பின் (ஒலியை அனுப்பச் சொல்வது) 7க்கு, எக்கோ பின் (திரும்பியதைச் சொல்வது) 6க்கு. இரண்டாவதன் ட்ரிக் 5, எக்கோ 4. சென்சார்களுக்கு வேண்டிய 5 வோல்ட்டை அர்டுயினோவிலிருந்தே எடுக்கலாம்.

சர்வோவுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து தனியாகக் கொடுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்ட்டைச் சட்டென்று இழுக்கும். அப்போது மின்னழுத்தம் இறங்கி அர்டுயினோ ரீஸ்டார்ட் ஆகிவிடும். கம்பி பாதியில் துடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பேட்டரியின் நெகட்டிவையும் அர்டுயினோவின் கிரவுண்டையும் கட்டாயம் ஒன்றாக இணைக்க வேண்டும், இல்லையென்றால் சிக்னல் மோட்டாருக்குப் புரியாது.

சென்சார் சொல்வதைப் படிப்பது

ட்ரிக் பின்னுக்கு 10 மைக்ரோ விநாடி சிக்னல் கொடுத்ததும், சென்சார் 40 கிலோஹெர்ட்ஸில் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. அது போய்த் திரும்பிய நேரத்தை எக்கோ பின் சொல்கிறது. ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். மைக்ரோ விநாடியில் கிடைத்த நேரத்தை 0.0343ஆல் பெருக்கி, போக வர இரண்டு பயணம் என்பதால் 2ஆல் வகுத்தால், தூரம் செ.மீ.இல் கிடைக்கும். 10 செ.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 583 மைக்ரோ விநாடி. இந்தக் கணக்கை மாணவர்களே போட்டு, ஸ்கேல் வைத்துச் சரிபார்க்கட்டும். நிரல் எழுதுவதைவிட இதில்தான் அவர்களுக்கு உற்சாகம் அதிகம் வரும்.

பாதை காலியாக இருக்கும்போது வரும் எண்ணையும், கார் நிற்கும்போது வரும் எண்ணையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே எல்லையை வையுங்கள். ‘10 செ.மீ.க்குக் குறைந்தால் கார்’ என்று மட்டும் எழுதினால் ஒரு சிக்கல் வரும்: ஒலி திரும்பி வராதபோது அளவு 0 என்று கிடைக்கலாம். 0 என்பது 10ஐவிடக் குறைவுதானே, யாருமில்லாத பாதையில் கம்பி தானாக எழும்பிவிடும். ‘2க்கு மேல், 10க்குக் கீழ்’ என்று எழுதுங்கள்.

இரண்டு சென்சாரையும் ஒரே நேரத்தில் இயக்காமல், நடுவே 30 மில்லி விநாடி விட்டு மாற்றி மாற்றிப் படியுங்கள். ஒன்றின் ஒலி மற்றொன்றுக்குக் கேட்டுக் குழப்பாது.

நிரல்: முதலில் தாளில்

கணினியைத் திறக்கும் முன்பு, கம்பி இருக்கக்கூடிய நான்கு நிலைகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

மூடியிருக்கிறது: முன் சென்சாரில் கார் தெரிந்தால், ‘ஏறுகிறது’ நிலைக்குப் போ.

ஏறுகிறது: நிரல் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் 2 டிகிரி ஏற்று. 90 வந்ததும் ‘திறந்திருக்கிறது’.

திறந்திருக்கிறது: எந்தச் சென்சாரிலும் கார் தெரியாமல் 2 விநாடி தொடர்ந்து கழிந்தால் ‘இறங்குகிறது’.

இறங்குகிறது: கார் எதிலாவது தெரிந்தால் உடனே ‘ஏறுகிறது’. தெரியாவிட்டால் 2 டிகிரி இறக்கு. 0 வந்ததும் ‘மூடியிருக்கிறது’.

இந்தக் கடைசி நிலையில் மாணவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். ஒரே கட்டளையில் 90இலிருந்து 0க்கு இறக்கினால், கம்பி பாதி வழியில் இருக்கும்போது அதை நிறுத்த முடியாது. இரண்டிரண்டு டிகிரியாக இறக்கி, ஒவ்வொரு முறையும் சென்சாரைக் கேட்டால் நிறுத்த முடியும். முழுதாக இறங்க 3 விநாடிக்குள் ஆகும், அந்த நிதானம் பார்க்கவும் அழகாக இருக்கும்.

2 விநாடியை அளக்க ‘காத்திரு’ பிளாக்கை (நிரலில் அடுக்கும் கட்டளைக் கட்டம்) பயன்படுத்தக் கூடாது. காத்திருக்கும்போது அர்டுயினோ சென்சாரைப் பார்ப்பதே இல்லை. அதற்குப் பதிலாக, எந்த நிலையில் இருந்தாலும் கார் தெரியும்போதெல்லாம் அந்த நேரத்தை ஒரு மாறியில் குறித்துவையுங்கள். இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து, விடை 2000 மில்லி விநாடியைத் தாண்டினால் பாதை காலி. தாளில் எழுதிய ஒவ்வொரு வரியும் ஓர் ‘எனில்’ பிளாக்காக மாறும்.

சோதனை

காரை ஓட்டிப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். கம்பிக்குக் கீழே காரை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். முதல் காரை ஒட்டியே இரண்டாவது காரை விடுங்கள். கம்பி பாதி இறங்கும்போது கையை நீட்டுங்கள். கறுப்புத் துணி போர்த்திய காரை அனுப்புங்கள். துணி ஒலியை உறிஞ்சுவதால் சென்சார் தடுமாறக்கூடும், எல்லையை எவ்வளவு மாற்றினால் பிடிபடுகிறது என்று அவர்களே தேடட்டும்.

இவையெல்லாம் சரியாக நடந்தால், அடுத்து உள்ளே வந்த கார்களை எண்ணச் சொல்லுங்கள். முன் சென்சார் முதலிலும் கீழ் சென்சார் பிறகும் கண்டு, இரண்டையும் கடந்து கார் போன பின்தான் ஒன்று கூட்ட வேண்டும். வாசல்வரை வந்து பின்வாங்கிய காரை எண்ணிவிடாமல் இருக்க என்ன நிபந்தனை போடுவது என்பதை மட்டும் நீங்கள் சொல்லித்தராதீர்கள்.