பி.ஏ. தமிழ், வரலாறு படிப்பவர்களுக்கு: தினம் 2 பக்கம் போதும்

"பி.ஏ. தமிழா? வாத்தியார் வேலைக்கா?" என்று கேட்கிறார்களா? பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு எழுத்தாக்கி வைக்கும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாக ஒரு கணக்குத் தொடங்குங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் ஸ்கேன் பக்கங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கேன் படமும், அதிலிருந்து கணினி தானாக எடுத்த எழுத்தும் அருகருகே இருக்கும். தினம் 2 பக்கம், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்! கணினி துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். 'காலம்' 'கரலம்' ஆகியிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் 'னை', 'லை'க்கெல்லாம் யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்பு வரும். அங்கேதான் கண் பழகும். நீங்கள் திருத்தி முடித்ததாகக் குறித்த பக்கத்தின் அடையாள நிறம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். அவர் எதை மாற்றினார் என்று 'வரலாறு' தாவலில் பாருங்கள். வகுப்பில் இப்படி ஒரு பாடம் கிடைப்பது அபூர்வம்.

இப்படிப் பிழை பார்க்கும் மெய்ப்புத் திருத்தம் பிடித்தால் பதிப்பகம், பத்திரிகை, சப்டைட்டில் வேலைகளை எட்டிப்பார்க்கலாம். பழைய தாள் மீதே ஆசை வந்தால் ஆவணக் காப்பகம், நூலகம். இரண்டுமே போரடித்தால், அதுவும் இப்போதே தெரிந்தது லாபம்தானே.

பயோடேட்டாவில் 'ஆர்வம் உண்டு' என்று எழுதாதீர்கள். உங்கள் 'பங்களிப்புகள்' பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். தேதிவாரியாக எல்லாம் அதிலேயே இருக்கும்.