ராத்திரி பத்து மணிக்கு ஜன்னலைத் திறவுங்கள்

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் முதல் மாதமே என்னிடம் கேட்கிற கேள்வி: "அக்கா, இவங்ககிட்ட எப்படிப் பேச்சுக் கொடுக்கிறது?" பேச்சே கொடுக்க வேண்டாம் என்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஊரும் பேரும் கேட்டுப் பழகும் நம் வித்தை ஸ்வீடனில் செல்லாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று ஒரு வேலையைச் சேர்ந்து செய்தால் பழக்கம் தானே வரும். எங்கே போய் நிற்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் சமையலறை. ஃப்ளொக்ஸ்டா என்ற மாணவர் குடியிருப்பின் அடுக்குமாடிகளில் அறை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எங்கள் தாழ்வாரத்தில் பன்னிரண்டு அறைக்கு ஒரே சமையலறை. நான் ஆறு வாரம் தட்டை அறைக்குத் தூக்கிப்போய் அம்மாவோடு வீடியோ காலில் சாப்பிட்டேன். எதிர் அறைக்காரியின் பெயர்கூடத் தெரியாது. ஒருநாள் சாம்பாருக்கு மிளகாய் தாளித்ததில் தாழ்வாரமே இருமியது. அன்றுதான் மற்ற பதினொரு பேரையும் ஒன்றாகப் பார்த்தேன். நீங்கள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். சமையலறை மேஜையில், தினமும் அதே நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிட்டாலே போதும்.

இரவு சரியாகப் பத்து மணிக்கு ஃப்ளொக்ஸ்டாவில் ஜன்னல்களைத் திறந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிற வழக்கம் இது. ஏன் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முதல் ராத்திரி தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து பாஸ்போர்ட்டோடு படியிறங்கி ஓடினேன். அறைக்குள் தனியாகக் கத்தாதீர்கள், அது வேறு மாதிரி ஆகிவிடும். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிர்க் கதவைத் தட்டி "வர்றியா?" என்று கேட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கூட்டிப்போங்கள். சேர்ந்து ஊளையிட்ட பிறகு கூச்சம் எங்கே இருக்கும்?

அப்புறம், நேஷன், அதாவது மாணவர்களே கபேயும் பப்பும் நடத்தும் மாணவர் சங்கம். உப்சாலாவில் பதின்மூன்று மாணவர் நேஷன்கள் இருக்கின்றன. ஸ்வீடனின் பழைய மாகாணங்கள், ஊர்களின் பெயரில், 1600களிலிருந்து வருகிறவை. 2010 வரை ஏதாவது ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. இப்போது கட்டாயமில்லை, ஆனாலும் சேருங்கள். பெரியதில் சேர்ந்தால் கூட்டத்தில் காணாமல் போவீர்கள். கோட்லாந்து மாதிரிச் சிறியது நல்லது. வாடிக்கையாளராகப் போய் பீரும் பர்கரும் வாங்கிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. வேலைக்குப் பெயர் கொடுங்கள். காபி போடுவது, பாத்திரம் கழுவுவது எதுவானாலும் சரி. எனக்குக் கிடைத்த நல்ல சிநேகிதர்கள் மூவரும் பாத்திரத் தொட்டியருகே கிடைத்தவர்கள்.

யாரையாவது அழைக்கும்போது "ஒருநாள் வாங்க" என்று சொல்லாதீர்கள். நமக்கு அது உபசாரம், அவர்களுக்குப் புரியாத வாக்கியம். "அடுத்த வியாழன் நாலு மணி, ஃபீகா" என்று சொன்னால் டைரியில் எழுதிக்கொள்வார்கள். ஃபீகா என்றால் காபியும் பலகாரமும், அவசரமில்லாத பேச்சும். இங்கே பன்னில் ஏலக்காயை அள்ளிப் போடுகிறார்கள்! நான் போடிநாயக்கனூர்க்காரி, என் பெட்டியில் இருந்த பச்சை ஏலக்காயை உரித்து இடித்தபோது எதிர் அறைக்காரி கண்ணை மூடி முகர்ந்துகொண்டே நின்றாள். வந்து போனவர்களை மறுபடி பார்க்கும்போது "டக் ஃபோர் செனஸ்ட்" என்று சொல்லுங்கள். போன தடவைக்கு நன்றி என்று அர்த்தம். இரண்டு வாரம் கழித்துச் சொன்னாலும் முகம் மலரும். வடக்கு ஸ்வீடன்காரர்கள் 'ஆமாம்' என்பதற்குப் பதிலாகச் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். மூச்சுத்திணறல் என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடாதீர்கள். நான் ஓடினேன்.

வகுப்பு பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். அந்தக் கால் மணி வாசலில் நின்று பேசுவதற்கு நல்ல நேரம்.

பேச விஷயம் இல்லையென்றால் கரோலினா ரெடிவீவா நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் கோதிக் மொழியில் எழுதிய ஆறாம் நூற்றாண்டு பைபிள் அங்கே இருக்கிறது. 1995இல் அதன் சில பகுதிகள் திருடுபோய், ஒரு மாதம் கழித்து ஸ்டாக்ஹோம் ரயில் நிலையப் பெட்டகத்தில் கிடைத்தன. அவற்றை ஏன் அங்கே வைத்தார்கள் என்று ஒரு மாலை முழுக்கப் பேசலாம்.

ஏப்ரல் 30, வால்போரி என்ற வசந்த விழா. காலையில் மாணவர்கள் தாங்களே கட்டிய தெப்பங்களில் ஃபீரிஸ் ஆற்றில் இறங்கிக் கவிழ்வார்கள். மதியம் மூன்று மணிக்கு அந்த நூலகத்தின் மாடத்திலிருந்து துணைவேந்தர் வெள்ளைத் தொப்பியை அசைப்பார். கீழே சரிவில் நிற்கும் கூட்டமும் தொப்பியை ஆட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளும். அது பள்ளிப்படிப்பு முடித்த தொப்பி, நம்மிடம் இருக்காது. எதிர் அறைக்காரி தன் அண்ணனுடைய பழைய தொப்பியை எனக்குக் கொண்டுவந்தாள், காதுவரை இறங்கியது. இரண்டரைக்கே போய் நின்றுவிடுங்கள், இதற்குக் கால் மணி சலுகை கிடையாது.