வணிகக் கட்டடக் கதவுகளுக்குப் பூட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூட்டு சரியில்லை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கதவுதான் சரியில்லாமல் இருக்கும். மேல் கீல் தளர்ந்து, கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளைக்கு நேராகப் போகாமல் அதன் கீழ் விளிம்பில் போய் இடிக்கும். தினமும் வருகிறவர்களுக்கு அது பழகிவிடும். கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புவார்கள். ஒரு நாள் சாவி உள்ளேயே முறியும். புதுப் பூட்டு வாங்கி மாட்டுவார்கள், கொஞ்ச நாளில் அதுவும் அதே கதிக்கு வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு வெளியே வரும் நாக்கு, கதவை மூடியதும் இறுகினால் பூட்டில் குறையில்லை. கதவோ நிலையோ நகர்ந்திருக்கிறது. நாக்கின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து, கதவை மூடி, சாவியைத் திருப்பினால் எங்கே இடிக்கிறது என்று வெள்ளைத் தடம் காட்டிவிடும். கீலைச் சரிசெய்துவிட்டு, டோர் குளோசர் கதவைக் கடைசி வரை இழுத்து மூடுகிறதா என்றும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பூட்டுக்கு வாருங்கள். துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது வேண்டாம். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

பூட்டை வாங்கும்போது நடக்கும் முதல் தவறு, வீட்டுக்கு வாங்குவதுபோல் வாங்குவது. வீட்டு வாசற்கதவு ஒரு நாளைக்கு இருபது முறை திறந்தால் அதிகம். ஓர் அலுவலக வாசல் 500 முறை திறக்கும் என்று வையுங்கள். 300 வேலை நாளில் ஒன்றரை லட்சம் முறை. கதவில் வட்டத் துளை போட்டுப் பொருத்தும் கைப்பிடிப் பூட்டுகளை அமெரிக்கத் தரநிலையான ஏஎன்எஸ்ஐ/பிஎச்எம்ஏ மூன்று தரமாகப் பிரிக்கிறது. மூன்றாம் தரம் 2 லட்சம் முறை, இரண்டாம் தரம் 4 லட்சம் முறை, முதல் தரம் 10 லட்சம் முறை இயங்கிக் காட்ட வேண்டும். அந்த வாசலில் மூன்றாம் தரப் பூட்டு போட்டால், சோதனையில் அது தாண்டிய எண்ணிக்கையை ஒன்றரை ஆண்டுக்குள் எட்டிவிடும். பெட்டியில் 'ஹெவி டியூட்டி' என்று அச்சடித்திருப்பதை நம்பாமல் எந்தத் தரநிலை, எந்தத் தரம் என்று கேளுங்கள். எல்லாக் கதவுக்கும் முதல் தரம் தேவையில்லை. நாளைக்கு நான்கு முறை திறக்கும் ஸ்டோர் ரூமுக்கு அது வீண் செலவு.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். பூட்டு என்றாலே யாரை உள்ளே விடக்கூடாது என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்வாய் தியேட்டரில் தீப்பிடித்தபோது 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில கதவுகள் பூட்டியிருந்தன. சிலவற்றில் இருந்த தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். அங்கே ஒன்பதாம் மாடியின் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. இராக்வாய் விபத்துக்குப் பின்னால் கார்ல் பிரின்ஸ்லர் என்ற பூட்டு, கீல் போன்ற இரும்புச் சாமான் விற்பனையாளரும் ஹென்றி டுபான்ட் என்ற கட்டடக் கலைஞரும் சேர்ந்து உருவாக்கி 1908இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான், உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் பேனிக் பார்.

ஆகவே வெளியேறும் வழியில் உள்ள கதவுக்கு ஒரே விதி: உள்ளிருந்து சாவி இல்லாமல், கார்டு இல்லாமல், யாரையும் கேட்காமல், ஒரே அசைவில் திறக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டரை, அதாவது பூட்டில் சாவி நுழையும் உருளையை, அங்கே பொருத்தாதீர்கள். பேனிக் பார் இருக்கிற கதவில் 'இன்னும் பத்திரம்' என்று மேலே ஒரு கொண்டியும் கீழே ஒரு தாழ்ப்பாளும் கூடுதலாக வைப்பதும் அதே தவறுதான். புகையில் யாரும் குனிந்து தாழ்ப்பாள் தேட மாட்டார்கள். ராத்திரியில் சங்கிலி போட்டுப் பூட்டும் பழக்கமும் இருக்கிறது. துப்புரவு வேலை செய்கிறவர்களும் காவலாளியும் அந்த நேரத்தில் உள்ளேதான் இருக்கிறார்கள். திருட்டு பயம் என்றால், கதவு திறந்தால் சத்தம் போடும் எக்ஸிட் அலாரம் வையுங்கள். பயத்துக்கு அதுவே போதுமான பதில்.

பேனிக் பாரிலும் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பியத் தரநிலையில் இஎன் 179 என்பது கட்டடத்தை நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும் வந்துபோகும் இடத்துக்கு. கைப்பிடியோ தள்ளும் தகடோ போதும். பொதுமக்கள் கூடும் இடம் என்றால் இஎன் 1125, அதாவது கதவின் குறுக்கே நீளும் பார். கடை, மண்டபம், மருத்துவமனை போன்ற இடங்களில் முதலாவதைப் போட்டுவிட்டு இரண்டாவது போட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊர் தீயணைப்பு விதி என்ன கேட்கிறது என்பதைப் பூட்டு வாங்கும் முன்னே பாருங்கள், பொருத்திய பிறகு அல்ல.

தீத்தடுப்புக் கதவில் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கதவு, அதன் நிலை, பூட்டு, கீல் எல்லாம் ஒரே தொகுதியாகச் சோதிக்கப்பட்டவை. பழைய பூட்டைக் கழற்றிவிட்டு வேறு அளவில் புதிதாக ஒரு துளை போட்டால் சோதித்த கதவு அது இல்லை என்றாகிவிடும். பூட்டைச் சுற்றிச் சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை இருந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப வையுங்கள். கதவு தானாக மூடி, லாட்ச் எனப்படும் சரிவான நாக்கு தானாக விழ வேண்டும். சாவியால் மட்டும் வெளியே வரும் டெட்போல்ட்டை நம்பினால், பூட்டாமல் விட்ட கதவைத் தீயின் அழுத்தம் தள்ளித் திறந்துவிடும்.

மின்சாரப் பூட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கரண்ட் போனால் இது திறக்குமா, பூட்டியே இருக்குமா? கரண்ட் போனால் திறந்துகொள்வது ஃபெயில்-சேஃப். பூட்டியே இருப்பது ஃபெயில்-செக்யூர். மேக்னடிக் லாக் எப்போதும் முதல் வகைதான், ஏனென்றால் காந்தமே மின்சாரத்தில்தான் நிற்கிறது. பணம் வைக்கும் அறையில் அதைப் போட்டுவிட்டு, பேட்டரி தீர்ந்ததும் கதவு சும்மா திறந்து கிடப்பதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள் உண்டு. எதிர்ப்பக்கத்தில், வெளியேறும் வழியில் ஃபெயில்-செக்யூர் போட்டால் உள்ளே கைப்பிடி தனியாக, மின்சாரத்தின் தயவில்லாமல் வேலை செய்ய வேண்டும்.

மேக்னடிக் லாக்கில் நான் நேரில் பார்த்த ஒன்று. ஓர் அலுவலகத்தில் புதிதாகப் பொருத்திய, சுமார் 270 கிலோ விசை தாங்க வேண்டிய லாக், தோளால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்தது. மின்சாரம் சரியாக வந்தது, காந்தமும் நன்றாக இருந்தது. கதவில் உள்ள இரும்புத் தகட்டின் திருகைப் பொருத்தியவர் முழு பலத்தோடு இறுக்கியிருந்தார். அந்தத் தகடு நடுவில் ஒரே திருகில், பின்னால் ரப்பர் வாஷரோடு, லேசாக ஆடும்படி இருக்க வேண்டும். அப்போதுதான் காந்தத்தின் முகத்தோடு முழுதாக ஒட்டும். இறுக்கிவிட்டால் ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி விழுந்துவிடும், பிடிப்பு பெருமளவு போய்விடும். திருகை ஒரு சுற்று தளர்த்தினேன். அதே ஆள் மறுபடி தள்ளிப் பார்த்தார், கதவு அசையவில்லை. தகட்டின் மேல் பெயின்ட் அடித்தாலும், ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதே கதைதான்.

இப்போது அரத்தால் ராவிய துளைக்கு வருவோம். தானாக விழும் லாட்சை உற்றுப் பாருங்கள். சரிவான நாக்கின் பக்கத்தில் சின்னதாக இன்னொரு முளை இருக்கும். கதவு மூடியதும் நாக்கு துளைக்குள் போக வேண்டும். முளையோ நிலையில் உள்ள தகட்டில் பட்டு அமுங்கியே இருக்க வேண்டும். அது அமுங்கி இருக்கும் வரை நாக்கை யாராலும் பின்னால் தள்ள முடியாது. துளையைப் பெரிதாக்கினால் முளையும் உள்ளே விழுந்துவிடும். அப்புறம் ஒரு பழைய ஏடிஎம் கார்டைச் சந்தில் நுழைத்து யார் வேண்டுமானாலும் திறக்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பூட்டு சரியாகவே தெரியும்.

அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகும் முக்கியம். 20 மில்லிமீட்டர் திருகு மரநிலையின் மேல்தோலை மட்டும்தான் பிடிக்கும்; பலமாக ஒரு உதை விழுந்தால் பூட்டு அப்படியே இருக்க, நிலை பிளந்துகொண்டு வரும். 75 மில்லிமீட்டர் திருகு போட்டு, பின்னால் உள்ள கட்டை வரை இறக்குங்கள். மரக்கதவின் விளிம்புக்குள் புதைக்கும் மார்டைஸ் பூட்டுக்குப் பள்ளம் வெட்டும்போது சட்டமும் குறுக்குக் கட்டையும் சேரும் மூட்டில் வெட்டாதீர்கள். அங்கே வெட்டினால் கதவின் எலும்பையே அறுத்ததாகும்.

சிலிண்டரின் நீளத்தை அளக்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. கதவின் கனத்தோடு இரண்டு பக்கத் தகட்டின் கனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றால் குறடால் பிடித்து ஒடிக்க வசதியாகிவிடும். யூரோ சிலிண்டரின் நடுவில் திருகு போகும் இடம் மெலிந்தது, அங்கேதான் முறியும். வாசலுக்கு முறிப்பைத் தாங்கும் வகையாகவே வாங்குங்கள்.

இரட்டைக் கதவில், நிலையாக நிற்கும் கதவின் மேல் கீழ்த் தாழ்ப்பாளைப் போடாமல் விட்டால் நடுவில் எவ்வளவு நல்ல பூட்டு இருந்தும் பயனில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீலின் ஊசி வெளியே தெரியும். கழற்ற முடியாத ஊசியுள்ள கீல் போடுங்கள்.

கடைசியாகச் சாவி. 'நகல் எடுக்கக் கூடாது' என்று சாவியில் பொறித்திருப்பது வெறும் வேண்டுகோள். அனுமதிச் சீட்டு இல்லாமல், இன்னும் பல் வெட்டாத வெற்றுச் சாவியே கிடைக்காத காப்புரிமை வகைதான் உண்மையில் தடுக்கும். பல பூட்டுகளை ஒன்றே திறக்கும் மாஸ்டர் சாவி வசதியானது, ஆனால் எல்லாக் கதவையும் அதில் சேர்க்காதீர்கள். சாதாரண சாவி ஒன்றும், அதன் பூட்டும், சில வெற்றுச் சாவிகளும் கையில் இருந்தால் மாஸ்டர் சாவியையே கண்டுபிடித்துவிடலாம் என்று மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் 2003இல் விளக்கமாகவே எழுதினார். பண அறையும் பதிவேட்டு அறையும் தனிச் சாவியில் இருக்கட்டும். மின்னணுப் பூட்டின் அவசரச் சாவியை அதே அறைக்குள் வைக்காதீர்கள். கம்பெனி போட்டுக் கொடுத்த நிர்வாக எண்ணை அன்றே மாற்றுங்கள்.

பொருத்துபவர் கிளம்பும் முன் அவரையும் வைத்துக்கொண்டு சோதியுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து தள்ளுங்கள். கார்டை லாட்ச் சந்தில் நுழைத்துப் பாருங்கள். எத்தனை சாவி, யாரிடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கட்டடத்துக்குப் புதிதாக வந்த ஒருவரை அழைத்து, எதுவும் சொல்லிக் கொடுக்காமல், விளக்கை அணைத்துவிட்டு அவசரக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.