கேட்பதற்கு முன் துதி: ஜெபத்தை எப்படித் தொடங்குவது

விடிய எழும்பி முழங்காலில் நின்றவுடனே நம்மில் அநேகருக்கு வாயில் வருவது மகளின் ஏ/எல் சோதனை, தம்பியின் கனடா விசா, அம்மாவின் கால்வலி. கேட்பதில் பிழையே இல்லை, கேளுங்கள் என்று சொன்னவரே ஆண்டவர்தான். ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்று கொஞ்சமும் நினைக்காமல் கேட்டு முடித்தால், முழங்காலில் நிற்கும்போது இருந்த அதே பயத்தோடுதான் எழும்புவோம்.

இயேசு கற்றுத்தந்த ஜெபத்தையே பாருங்கள் (மத்தேயு 6:9-13). பிதாவே என்று கூப்பிட்டபின் அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம், அதற்குப் பிறகுதான் அன்றன்றைய அப்பம். சின்ன வயதிலேயே பாடமாக்கி கோயிலில் கெதியாகச் சொல்லிவிடுவதால் இந்த ஒழுங்கு நம் கண்ணில் படுவதில்லை.

சரி, எப்படித் தொடங்குவது? கேட்க வேண்டியவற்றை முதலிலேயே ஒரு கொப்பியில் எழுதி மூடி வைத்துவிடுங்கள். மறந்துபோகும் என்ற அந்தரம் இருக்காது. பிறகு வேதாகமத்தில் ஒரு சங்கீதத்தைத் திறவுங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு 103 நல்லது, 145உம் நல்லது. முழுவதையும் வாசிக்க வேண்டாம், ஒரு வசனம் போதும். 103:14 இல், நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார் என்று இருக்கிறது. அதை அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்: "ஆண்டவரே, என் உருவம் உமக்குத் தெரியும். நான் மண் என்று நீர் மறக்கவில்லை. என்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று என்னைவிட உமக்குத்தான் தெரியும்." இவ்வளவும் துதிதான். இதில் எதையும் கேட்கவில்லை, கிடைத்ததற்கு நன்றிகூடச் சொல்லவில்லை, அவர் யார் என்பதை மட்டும் அவருக்கு முன்னால் சொல்லியிருக்கிறோம். நன்றி சொல்வதும் வேண்டியதுதான், ஆனால் நன்றி மட்டும் என்றால் நல்லது நடந்த நாளில்தான் வாய் திறக்கும்.

தோத்திரம், தோத்திரம் என்று மளமளவென்று அடுக்க வேண்டாம். ஒரு தோத்திரம் சொன்னாலும் எதற்காக என்று சேர்த்துச் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் தெரிந்த கீர்த்தனை ஒன்றைப் பாடலாம், வீட்டில் மற்றவர்கள் நித்திரை என்றால் மெதுவாக முணுமுணுத்தாலும் போதும்.

இப்படித் தொடங்கினால் கேட்பதே மாறிவிடும் என்பதற்கு அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரம் நல்ல சாட்சி. இயேசுவின் சீஷர்களான பேதுருவையும் யோவானையும் யூத மதத் தலைவர்கள் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள், இனி இயேசுவின் பெயரில் பேசவே கூடாது என்று கட்டளை. அவர்கள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒருமனப்பட்டு, வானத்தையும் பூமியையும் கடலையும் உண்டாக்கின தேவனே என்று தொடங்குகிறார்கள் (24). கேட்பது 29ஆம் வசனத்தில்தான் வருகிறது. அங்கேயும் எங்களைத் தப்புவியும் என்று ஒரு சொல் இல்லை. பயமுறுத்தலைப் பாரும், வசனத்தைத் தைரியமாய்ச் சொல்ல வரம் தாரும் என்றுதான் கேட்கிறார்கள். படைத்தவரை முதலில் பார்த்துவிட்டதால் பயமுறுத்தினவர்கள் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள், இதைச் சட்டமாக்கிவிட வேண்டாம். தண்ணீரில் அமிழப்போன பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மட்டும்தான் கத்தினார், இயேசு உடனே கையை நீட்டினார். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்ற முறைப்பாட்டோடு தொடங்கி, கடைசி வசனத்தில்தான் பாட்டுக்கு வருகிறது. காணாமற்போன மகனுக்காக இன்றைக்கும் அழுதுகொண்டிருக்கிற தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களிடம் போய் முதலில் துதியுங்கள் அம்மா என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து அவர்களோடு சேர்ந்து அழுங்கள், அதுவும் ஜெபம்தான்.

வீட்டில் குடும்ப ஜெபம் வைக்கிறவர்கள் இரவில் இதைச் செய்து பார்க்கலாம். பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு வரி சொந்தமாக, "ஆண்டவரே, நீர்..." என்று தொடங்கி. பெரியவர்கள் நீட்டாமல் இருந்தால்தான் பிள்ளைகளுக்கும் வாய் வரும். சின்னவன் "நீர் மழை தாறவர்" என்று சொன்னால் திருத்தாமல் ஆமென் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். எல்லாரும் சொல்லி முடித்தபின் சோதனையையும் விசாவையும் கேளுங்கள்.