சுருதி விலகாமல் கேப்போ பொருத்துவது எப்படி

நாகர்கோவில், குளச்சல் வட்டாரத் தேவாலயப் பாடகர் குழுக்களில் கிட்டார் வாசிப்போர், பாடுபவரின் குரலுக்கேற்ப ஸ்கேலை உயர்த்த, கிட்டார் கழுத்தில் கம்பிகளை ஒருசேர அழுத்தும் கவ்வியான கேப்போவையே நம்புகிறார்கள். அதைப் பொருத்தியதும் சுருதி ஏறிவிடுகிறதென்றால், பெரும்பாலும் காரணம் மிகையான அழுத்தமே. அளவுக்கு மீறி அழுந்தும் கம்பியின் இழுவிசை கூடிவிடுகிறது.

ஆகவே, ஒரே விசையில் கவ்வும் ஸ்பிரிங் வகையைவிட, திருகி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வகையையே நான் பரிந்துரைப்பேன். பாட்டுக்குப் பாட்டு விரைந்து மாற்ற வேண்டியவர்களுக்கு ஸ்பிரிங் வகை வசதிதான். நைலான் கம்பிக் கிட்டாரின் விரல்பலகை பொதுவாகத் தட்டையாகவும், ஸ்டீல் கம்பிக் கிட்டாருடையது சற்று வளைந்தும் இருப்பதால், கேப்போவின் ரப்பர் பட்டையும் அதற்கு இசைந்திருக்க வேண்டும்.

முதலில் கேப்போ இல்லாமல் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியான ஃபிரெட்டின் மீது ஏறாமல், அதற்கு மிக அருகில் பின்புறமாக (கிட்டாரின் தலைப்பகுதிப் பக்கமாக), இணையாக வைத்து, கம்பிகள் இரைவது நின்று ஒவ்வொன்றும் தெளிவாக ஒலிக்கும் வரை மட்டும் திருகுங்கள். இரண்டாம் ஃபிரெட்டில் வைத்து ஜி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வடிவத்தைப் பிடித்தால் ஏ கார்டு ஒலிக்கும். ட்யூனரில் ஆறு கம்பிகளையும் சரிபாருங்கள். தடித்த கம்பி மட்டும் விலகினால், அது பக்கவாட்டில் இழுபட்டிருக்கலாம்; பிரடையை (சுருதி சேர்க்கும் முறுக்காணியை) முறுக்குமுன் கேப்போவை எடுத்து மீண்டும் நேராக வையுங்கள்.

வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். கடற்கரையோர உப்புக்காற்றில் ஸ்பிரிங்கும் திருகும் துருப்பிடிக்கும் என்பதால், உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது நல்லது. ரப்பரில் கம்பித் தடம் ஆழமாகப் பதிந்துவிட்டால் பட்டையை மாற்றிவிடுங்கள்.